ஏசி அறையில் அறுபத்து மூன்று கார்கள்

ஜூன் 3, சனி

வக்கீல் அம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். "சும்மா கொடுமை கொடுமைன்னா கோர்ட்டு நம்பாதுங்க. என்ன பண்ணினார், எப்பப் பண்ணினார்னு ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாங்க. அதை வெச்சுத்தான் உங்க வாக்குமூலம் தயார் பண்ணணும்" என்றார். விவாகரத்து மனுவுக்கு ஆகஸ்டு பத்தாம் தேதி வாய்தா.

என் பெயர் தெய்வானை. வயது நாற்பத்தாறு. கோயமுத்தூரில் ஒரு பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட்டும், பல்லின் மேல் மாட்டும் கேப்பும் செய்து கொடுப்பவள். வீட்டுக்காரர் சென்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு, பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர்ஸ். மூன்று மாதமாகப் பெருந்துறையில் அவருடைய அக்கா வீட்டில் இருந்து வேலைக்கு வந்து போகிறார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கார்கள் இருக்கின்றன. அறுபத்து மூன்று.

நிஜக் கார்கள் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஜப்பானில் இருந்து வரும் பிளாஸ்டிக் மாடல்கள். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. பெட்டிக்குள் நூறு இருநூறு துண்டுகளாக இருக்கும். வெட்டி எடுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒட்டிக் கட்ட வேண்டும். அதற்காகத்தான் உலகத்தில் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். இவர் ஒன்றைக்கூடக் கட்டியதில்லை. மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைக்கூடப் பிரித்ததில்லை. வாங்குவார், எண் போடுவார், அடுக்குவார். நான் அவற்றை அறுபத்து மூவர் என்றுதான் சொல்வேன். தினமும் போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவார், தரிசனம்.

கொடுமை ஒன்று: வீட்டில் இருப்பது ஒரே ஏசி. அது அந்தப் பெட்டி அறையில் ஓடும். சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் மஞ்சளாகிவிடுமாம். நான் ஏழு கோடைக்காலம் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் வேர்த்துக்கொண்டு படுத்தேன். நான் மஞ்சளானால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஜூன் 4, ஞாயிறு

ஞாபகம் வந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் அண்ணன் வீட்டில் காப்பி கொடுத்தால் தொடமாட்டார். ஆறிப்போகும் வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அண்ணி எத்தனை முறை முகம் வாடியிருப்பாள்.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார். கேட்டால் வயிறு சரியில்லை. எல்லாக் கல்யாணத்துக்குமா வயிறு சரியில்லாமல் போகும்?

அண்ணன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் திருநீறு வைக்கக் கூப்பிட்டார்கள். சபை நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார். என் சொந்தக்காரர்கள் இருநூறு பேர் முன்னால்.

கம்பெனியில் டிராயிங் பிரிவில் இருந்தவர். அவர் எழுதும் எழுத்தை அச்சு என்றுதான் நினைப்பார்கள். திடீரென்று ஒருநாள் தானே கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டார். ஏன் என்றால், "அங்க வேலை கம்மி." சோம்பேறித்தனத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆள் வேறு யாரும் இருக்க முடியாது.

அதே சோம்பேறித்தனத்தில் சவரம் செய்வதையும் விட்டார். சாமியார் மாதிரி தாடி. போனில் நாலு எழுத்து தட்டமாட்டார், எல்லாவற்றுக்கும் குரலில் பேசி அனுப்புவார்.

என்னைத் தொடுவதும் நின்றுபோனது. அதை வக்கீலிடம் சொல்வேனா என்று தெரியவில்லை.

ஜூன் 7, புதன்

பெருந்துறையில் இருந்து குரல் வந்தது. வேலைக்கு நடுவே மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

"ஜூலை முப்பது ஞாயித்துக்கிழமை நாச்சிமுத்து மாமனைக் கூட்டிக்கிட்டு வண்டியோட வரேன். பொட்டியெல்லாம் எடுத்துக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணுகூடப் பிரியாம இருக்கோணும். பிரிஞ்சுதுன்னா அதுக்கு அப்பறம் அது வெறும் பிளாஸ்டிக்கு."

'எப்படி இருக்கிறாய்' இல்லை. 'சாப்பிட்டாயா' இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் எண் பெட்டியை எடுத்தேன். கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு. கண்ணாடித்தாள் சர்ரென்று கிழிந்தது. பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஜூன் 11, ஞாயிறு

பிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே பார்த்தேன். சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் கதவு, சீட்டு, ஸ்டியரிங் என்று தொங்கிக்கொண்டிருக்கின்றன. வெட்டுவது, தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் நான் தினமும் செய்யும் வேலைதான். ஒரு கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளத்தைவிட ஒரு பீட்டில் காரின் பானெட் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. நாலு நாளில் முடித்தேன். மஞ்சள் பெயின்ட்.

ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். வயிறு எரியட்டும் என்றுதான் அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "பானெட்டுல நடுவால ஒரு கோடு தெரியுது பாரு. அச்சுல வர்ற கோடு. பெயின்ட்டுக்கு முன்னாடியே தேச்சு எடுக்கோணும்."

அவ்வளவுதான். பொருளை நாசம் செய்தவளிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, குறை சொல்கிறார்! பல்செட்டில் அந்தக் கோட்டை விட்டால் எங்கள் முதலாளி என் முகத்திலேயே விட்டெறிவார். நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

ஜூன் 18, ஞாயிறு

இரண்டாவது கார், ஒரு பழைய மினி. கோட்டை ஒழுங்காகத் தேய்த்தேன். கண்ணாடிகளை ஒட்டியதும் பூஞ்சை பிடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டன. அதோடு படம் அனுப்பினேன்.

"கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ ஆகாது. ஆவி படிஞ்சு பூத்துக்கும். மரத்துக்குப் போடற வெள்ளைப் பசை போதும். காஞ்சா கண்ணுக்கே தெரியாது."

ஒன்றையும் கட்டாத மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யூடியூபில் பார்த்திருப்பார். கரையில் உட்கார்ந்து நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஜாதி.

ஜூன் 20, செவ்வாய்

வெள்ளைப் பசை நன்றாகத்தான் நிற்கிறது. எரிச்சலாக வருகிறது.

ஜூன் 25, ஞாயிறு

மூன்றாவது கார், நீலம். லேபில் மெருகு போடும் பஃப் சக்கரங்களில் சின்னதை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். என் முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் ஓரம், மயிரிழைக் கனத்தில் கறுப்புக் கோடு, அதைத் தூரிகையாலேயே போட்டேன். டேப் ஒட்டவில்லை. ஒரே இழுப்பு.

அனுப்பி நெடுநேரம் பதில் இல்லை. பிறகு: "நல்லா இருக்குது." கொஞ்சம் கழித்து இன்னொன்று. குரல் ஒருமாதிரி இருந்தது. "அந்தக் கறுப்புக் கோடு எப்படி அவ்வளவு நேரா வந்துது?"

எனக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். தட்டினேன்: "கைன்னு ஒண்ணு இருந்தா வரும். வெட்டியாப் பொட்டியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு வராது."

பார்த்துவிட்டார் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

நாலாவது காரின் படம் அனுப்பினேன். பதில் இல்லை.

மத்தியானம் அவருடைய அக்கா பாப்பாத்தி கூப்பிட்டார். எடுத்ததுமே சண்டை. "அவனுக்கு என்ன அனுப்பிச்சே அம்மிணி? ஒரு வாரமா வாய் தொறக்க மாட்டீங்கறான். சோத்தைப் பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போறான்."

"கார் போட்டோதானுங்க அனுப்புனேன். அவருக்குப் பிடிச்ச ஜாமான்தானே?"

"உனக்கு நெசமாவே ஒண்ணுந் தெரியாதா, இல்ல தெரிஞ்சேதான் பண்றியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

தம்பிக்குப் பரிந்துகொண்டு வருகிற அக்காவை எந்த மருமகளும் பொருட்படுத்தியதில்லை. நானும் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஐந்தாவது பெட்டியை இன்று பிரிக்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

வரிசையில் எடுக்காமல் படத்தைப் பார்த்து எடுத்தேன். எண் 31, சேற்றில் பாயும் ரேலி கார். கண்ணாடித்தாளை வெட்டி மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஏற்கெனவே வெட்டியிருந்தது.

பாதி கட்டி நிறுத்திய கார். உடம்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே பசையில் தோய்ந்த விரல் தடங்கள். டிரைவர் சீட்டை ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டி, கோணலாகவே நிற்கிறது. கண்ணாடி ஓரக் கறுப்புக் கோடு நேராக இல்லை. சின்னச் சின்ன அலையாக மேலும் கீழும் ஏறி இறங்கி, ஓர் இடத்தில் கண்ணாடிக்குள்ளேயே வழிந்திருக்கிறது. துணியால் துடைத்து, மறுபடி போட்டு, அதையும் துடைத்திருக்கிறார். பெட்டியின் ஒரு மூலையில் ஒரு மரக்கட்டை. அதன் மேல் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது. மணிக்கட்டை வைத்துக்கொள்ளும் உயரம்.

மூடியின் உட்புறம் பென்சிலால்: "தொடக்கம் 12-6-12." அவருடைய எழுத்துதான். அந்த அச்சு எழுத்து இல்லை.

ஜூலை 10, திங்கள்

லீவு போட்டேன். கம்பெனியில் ஒட்டிய கண்ணாடித்தாளுக்குப் பெட்டியின் அடியில் நடுவே இணைப்பு இருக்கும். வீட்டில் வெட்டிச் சுற்றி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி இறுக்கியதற்கு ஓரத்தில் இருக்கும். 31ஐப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மீதியிருந்த எல்லாப் பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஓரத்தில் இணைப்பு உள்ளவை இன்னும் மூன்று. மூன்றையும் பிரித்தேன்.

2014. கட்டைக்குப் பதிலாக மேசையில் திருகிவைக்கும் ஒரு சின்னப் பிடி. கார் பாதி.

2016. தூரிகையின் காம்பில் ரப்பரைச் சுற்றிப் பருமனாக்கியிருந்தார். பெயின்ட் அடிக்காமல் நிறுத்தியிருந்தார்.

2019. ஒரே ஒரு சக்கரத்தைச் சட்டத்தில் இருந்து வெட்டியிருந்தார். வெட்டுக்கத்தி சறுக்கி, சக்கரத்தின் குறுக்கே ஆழமான கீறல். சட்டத்தில் பழுப்பாக ஒரு கறை. அது பெயின்ட் இல்லை.

எங்கள் லேபில் சவரியப்பன் என்று ஒருத்தர் இருந்தார். மெழுகில் பல் செதுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசி வருடத்தில் அவர் செதுக்கிய பற்களில் இதே சின்னச் சின்ன அலை இருக்கும். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி சரிசெய்துவிடுவோம். பிறகு அவரே நின்றுவிட்டார். அந்த அலையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் இருந்த கையைத் தவிர.

அவருக்குக் கை நடுங்குகிறது. பதினொரு வருடமாக.

ஜூலை 11, செவ்வாய்

ஜூன் 4 எழுதியதைப் படித்தேன். காப்பி. பந்தி. திருநீறு. டிராயிங். தாடி. போன். கடைசி வரியையும்.

ஜூலை 12, புதன்

இன்று முழுக்கக் கோபம். வீட்டுக்காரனுக்கு நோய் என்று தெரிந்ததும் கோபம் போய்விடும் என்று நினைப்பவர்கள் கல்யாணமே ஆகாதவர்களாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு மடங்கானது. நடுச் சாலையில் நிற்கவைத்து இத்தனை வருடம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார். 'என் வீட்டுக்காரர் திமிர் பிடித்தவர்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, ஒரு வார்த்தை தடுத்திருக்கலாமே. அக்காவுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். ஒரே கட்டிலில் படுத்தவளுக்குத் தெரியாது.

என் மேலும் கோபம். ஜூன் 25 அனுப்பியதை அழிக்கலாம் என்று போனை எடுத்தேன். அவர் பக்கத்தில் அழியாது என்று வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைப் பார்ப்பாரோ.

ஏசி மட்டும் கொடுமைதான். அதை நோட்டில் இருந்து அடிக்கமாட்டேன்.

ஜூலை 19, புதன்

வக்கீல் அம்மா கூப்பிட்டார். "நோட்டு ரெடியாங்க? காப்பி விவகாரம், கல்யாணத்துல எந்திரிச்சுப் போனது, அதெல்லாம் போன்ல சொன்னீங்களே, பிரமாதமான பாயின்ட்டுங்க. சபையில அவமானப்படுத்தினதுன்னு போட்டுடலாம்."

இன்னும் முடியவில்லை என்றேன்.

ஜூலை 23, ஞாயிறு

பாதி கட்டிய நாலையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரேக் ஆயிலில் ஒருநாள் ஊறவைத்தால் பெயின்ட் கழன்றுவிடும். 31ஐ நான் ஒரு வாரத்தில் புதுசாக்கிவிடுவேன். அலை இருந்ததே தெரியாது. சவரியப்பனுக்குச் செய்த மாதிரி.

ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றினேன். காரைக் கையில் எடுத்தேன். வீட்டில் அவர் கட்டியது என்று இருப்பது இவ்வளவுதான். ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றிவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. நாங்கள் இருப்பது மாடியில். முதலில் நாச்சிமுத்து அண்ணன் ஏறி வந்தார், பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்காரர். "பொட்டிய எண்ணிக்கலாமுங்களா அம்மிணி?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அவருக்குப் பின்னால் இவர். இளைத்திருந்தார். இரண்டு கைகளும் பேன்ட் பைக்குள்.

கூடத்து அலமாரியில் நான் கட்டிய நாலு கார்களும் இருந்தன. போய் நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். பைக்குள் இருந்த கை வெளியே வரவில்லை.

"நீலத்துக்கு வைப்பரைத் தலைகீழா மாட்டியிருக்கறே" என்றார்.

"தெரியும். வேணும்னேதான்" என்றேன். தெரியாது.

நாச்சிமுத்து அண்ணன் முதல் அடுக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும், 31ஐக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். "இதையும் பிரிச்சேன்."

அவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன்.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனேன். உசுருக்கு ஒண்ணும் இல்லீங்கறாரு. கை மட்டுந்தான். எங்கப்பனுக்கும் இருந்துது. மாத்திரை குடுத்தாரு, தூக்கந்தான் வருது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா அடுத்த நாள்ல இருந்து டம்ளரை நீயே வாய்க்கு நேரா புடிச்சிருப்பே." குரல் உயர்ந்தது. எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் குரலை உயர்த்தியது இன்றுதான். "உன்ற கையப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தவன் நானு. அரிசி மேல பேர் எழுதற கை அது. அதுங்கூட என்ற கையையும் வெச்சுப் பாக்கச் சொல்றியா? கிறுக்கன்னு சொல்லு, திமிரு புடிச்சவன்னு சொல்லு. கோர்ட்டுல எழுதிக் குடு, வந்து ஆமாங்கறேன். பாவம்னு மட்டும் சொல்லிப்போடாதே."

"பாவமா?" எனக்கும் குரல் ஏறியது. "ஏழு வருசம் வேர்வையில படுத்தவ நானு. ஊரு முன்னால வாயாடின்னு பேரு வாங்குனவ நானு. பதினொரு வருசம் என்னையத் தொடாம, ஏன்னும் சொல்லாம, எனக்குத்தான் என்னமோ குறைன்னு கண்ணாடி முன்னால நிக்க வெச்சீங்க. உங்க மேலப் பாவப்படறதுக்கு எனக்கு எங்கீங்க நேரம்?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன், கோபத்தோடுதான்.

"அப்பறம் எதுக்கு வாங்கி வாங்கிக் குவிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பொட்டி மூடியிருக்கிற வரைக்கும் அதை நான் கட்டிருவேன்" என்றார். "திறந்தாத்தான் முடியாதுன்னு தெரியுது."

அண்ணன் மூச்சிரைக்க மேலே வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், இரண்டு பெட்டி போதும் என்கிற மாதிரி இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்கினார்.

"அன்னிக்கு அனுப்புனது தப்புங்க. கையைப் பத்தி" என்றேன்.

"கோடு நேராத்தான் இருந்துது" என்றார்.

அலமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பத்தாம் தேதி வருவியா?" என்று கேட்டார்.

"வருவேன். என்ற மனுவுல பாதி பொய்யி. முதல்ல அதை எடுக்கச் சொல்லோணும்."

"மீதி?"

"மீதி நெசம்."

தலையை ஆட்டினார். எழுந்தார். பைக்குள் இருந்து கைகளை எடுத்தார். ஒளிக்கவில்லை, ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொள்ளவும் இல்லை. முதலில் வலது கை, அப்புறம் இடது. நான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது இன்றுதான். அந்தக் கைகளால் 31ஐத் தூக்கினார். உள்ளே ஒட்டாமல் கிடந்த துண்டுகள் எல்லாம் கலகலவென்று ஆட ஆரம்பித்தன. பெட்டியை ஆட்டாமல் தூக்குவதுதான் மாடல் சேர்க்கிற இவர்கள் கூட்டத்தில் முதல் பாடம். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

வாசல்வரை போனேன். படி செங்குத்து. ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் அந்தச் சத்தம். பின்னாலேயே ஓடிப்போய்ப் பெட்டியைத் தாங்கிக்கொள்ளக் கால் பரபரத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. கடைசிப் படிவரைக்கும் அவரே கொண்டுபோனார்.